எண்பதாம் நம்பர்

மேசையில் இரண்டு வலைத்துண்டுகள்,
உள்ளங்கை அகலம், இரண்டும் எண்பதாம் நம்பர்.
ஒன்று மும்பையிலிருந்து கூரியரில் வந்தது,
ரோலுக்கு ஒன்பதாயிரம் கூடுதல்.
மற்றது கோட்டாற்றிலிருந்து ஹமீது கனி
பைக் டேங்க் கவருக்குள் சுருட்டிக்கொண்டு வந்தது.
"கண்ணை வச்சுப் பாருங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதான்."

கண்ணை வைத்துத்தான் பார்த்தேன்.
ஜவுளிக்காரர்கள் இழை எண்ணும் லென்ஸ்;
ஓர் அங்குலச் சதுரத்துக்குள்
ஊசி முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு,
தும்மல் வந்து இரண்டு தடவை முதலிலிருந்து.
பாவு எண்பது, ஊடு எண்பது.
மும்பையும் எண்பது, கோட்டாறும் எண்பது.

முந்தாநாள் மணவாளக்குறிச்சிக் கடலில்
ஒரு பாட்டில் அள்ளி வந்து
இரண்டு டம்ளரில் ஊறப் போட்டிருந்தேன்.
இங்கே காற்றே ஆணியைத் தின்னும்,
ததேயு சார் அறைக் கதவுக்கு இது மூன்றாவது கீல்.
இரண்டு துண்டும் துருவேறவில்லை.
கனி பொய் சொல்லவில்லை. எஃகு நல்ல எஃகு.

"முடிஞ்சுதா செலின்?
ஒம்பதாயிரம் கூடக் குடுத்து ஓட்டையா வாங்கப் போற?"
ஆமாம் சார், ஓட்டைதான் வாங்குகிறேன்
என்று சொல்லவில்லை. மைக்ரோமீட்டரை எடுத்தேன்.

ஓரத்திலிருந்து ஒற்றைக் கம்பி உருவி
நகத்தால் நீவி நிமிர்த்தி வைத்தால்
மும்பைக் கம்பி பாயின்ட் ஒன்று நாலு,
கனியுடையது பாயின்ட் ஒன்று இரண்டு.
ஒரு தலைமுடியை நெடுக நாலாய்ப் பிளந்தால் ஒரு பங்கு.
எண்ணிக்கை அப்படியே நிற்கும்,
கம்பி மெலிந்த அளவுக்குக் கண் அகலும்.
எண்ணுகிறவளுக்கு அது தெரியாது.

அப்போதுதான் அடி இழுப்பறை ஞாபகம் வந்தது.

போன ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து
இருபது டன் கார்னெட் திரும்பி வந்தது.
தண்ணீரால் இரும்பறுக்கும் பட்டறை அது.
பெரிய மணி புகுந்து மூக்கு அடைத்துவிட்டதாம்.
ராத்திரி ஷிப்ட் லிட்வின் நின்றுகொண்டே சொன்னான்:
"சல்லடை கிழியலக்கா. நான் எதையும் மாத்தல."
அன்றும் லென்ஸ் வைத்து எண்ணினேன். எண்பது.
சல்லடை சரி, ஆள் கவனக்குறைவு
என்று போன மெமோவில் என் கையெழுத்து.
மூன்று வாரக் கூலி பிடித்தோம்.
அவன் தேங்காய்ப்பட்டணத்தில் போட்டுக்குப் போய்விட்டான்.

பழைய வலையின் நடுப்பகுதி சாட்சிக்கு ஆகாது,
மணல் தேய்த்துத் தேய்த்து மெலிந்திருக்கும்.
ஆனால் சட்டத்துக்கு அடியில் மடங்கிய ஓரம்,
பிசின் மூடிய இரண்டு விரற்கடை,
அங்கே ஒரு மணியும் உரசியதில்லை.
பிளேடால் சுரண்டினேன்.
பாயின்ட் ஒன்று இரண்டு.
வேறு கம்பி. பாயின்ட் ஒன்று இரண்டு.
மூன்றாவதை உருவவில்லை.

கனிக்குச் சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
"நான் எண்ணித்தான் குடுத்தேன் மேடம்,
அளக்க எங்கிட்ட அந்தக் கருவி கெடையாது."
என்னிடம் இருந்தது. லேப் அலமாரியில், பூட்டி.

ஆர்டர் தாளில் மும்பை என்று எழுதி
கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:
கண் எண்ணிக்கையோடு கம்பி விட்டமும் அளந்த பிறகே பணம்.

லிட்வின் எடுத்தபோது பின்னால் எஞ்சின் சத்தம்.
கம்பி, கண், மடங்கிய ஓரம் என்று
நான் வரிசையாகச் சொல்ல
அவன் "ம்" போட்டுக்கொண்டே இருந்தான்.
"அப்ப அந்த மூணு வாரம்?"
"சார்ட்ட பேசுகேன்."
"பேசுங்க."
பிறகு யாரையோ அதட்டினான், கயிறு பற்றி.
"ஐஸ் ஏத்துகோம்க்கா. வைக்கேன்."

மெமோ ஃபைலைத் தேடி எடுத்தேன்.
கிளிப் துருப்பிடித்து
என் பெயரின் மேல் பழுப்பாய் ஒரு கறை.
அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்
ததேயு சார் கதவைத் தள்ளினேன்.
கீல் கத்தியது.